எபிசோட் 38: அட்லான்டிக் ஓரமா ஒரு கார் பயணம் – காலியான ஊர்களும் திரும்பி வந்த இசையும்

இன்னைக்கு எபிசோட் ஒரு எக்ஸெல் ஷீட்ல ஆரம்பிக்குது.

நானும் என் நண்பனும் ரொம்ப நாளா அயர்லாந்து போகணும்னு பேசிக்கிட்டிருக்கோம். அவனுக்கு மலை, கடல், மேகம் வேணும். எனக்கு அந்த ஊர் இசை வேணும். ஃபிடில், ஃப்ளூட், கான்செர்டினா எல்லாம் வெச்சுக்கிட்டு ஒரு பப் மூலையில் பத்துப் பேர் வட்டமா உட்கார்ந்து வாசிப்பாங்களே, அதை நேர்ல கேட்கணும். ரெண்டும் ஒரே இடத்தில் கிடைக்கும், அது அயர்லாந்தின் மேற்குக் கரை. கார் எடுத்துக்கிட்டு வடக்கிலிருந்து தெற்கே ஓட்டிட்டு வந்துடலாம்னு முடிவு பண்ணினோம்.

ஒரு ராத்திரி அவன் எனக்கு ஒரு ரீல் அனுப்பினான். ரெண்டு பக்கமும் மலை, நடுவில் கறுப்பா ஒரு ஏரி, ஏரியை ஒட்டி ஒத்தைச் சாலை. கீழே ஒரு வரி: "ஒரு மனுஷன் கூட இல்லடா, செம்ம!"

இடத்தின் பேர் டூலாக் பள்ளத்தாக்கு, மேயோ கவுன்ட்டி. ஷீட்ல சேர்க்கலாம்னு பேரைத் தேடினேன். அதுக்கப்புறம் மூணு வாரம் நான் ஹோட்டல் விலையே பார்க்கல. வரலாறுதான் படிச்சேன். அங்கே ஏன் ஒரு மனுஷன் கூட இல்லைங்கிற கேள்விக்கும், நான் கேட்க ஆசைப்பட்ட அந்தப் பப் இசை எங்கிருந்து வந்ததுங்கிற கேள்விக்கும் பதில் ஒண்ணாத்தான் இருந்தது. ஊரை விட்டுப் போனவங்கதான் அந்தப் பதில். இன்னைக்கு அதைத்தான் சொல்லப்போறேன். போற போக்கில் எங்க பயணத் திட்டத்தையும் சொல்லிடறேன்.

முதல்ல ரூட்

அயர்லாந்தின் மேற்குக் கரை முழுக்க ஓடற சாலைக்கு 'வைல்ட் அட்லான்டிக் வே'ன்னு பேர். வடக்கே டொனகால்ல இனிஷோவன் தீபகற்பத்தில் தொடங்கி, தெற்கே கார்க் கவுன்ட்டியில் கின்சேல் வரைக்கும் சுமார் 2,500 கிலோமீட்டர். பேரைக் கேட்டா ஏதோ பழங்காலப் பாதை மாதிரி இருக்கும். ஆனா ஏற்கெனவே இருந்த சாலைகளுக்குப் பலகை நட்டு, 2014-ல் சுற்றுலாத் துறை வெச்ச பேர் அது.

எங்க முதல் திட்டம் இந்த 2,500 கிலோமீட்டரையும் ஒன்பது நாளில் முடிக்கிறது. கணக்குப் போட்டா ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட 280 கிலோமீட்டர். நம்ம ஜிஎஸ்டி ரோட்ல அது ஒண்ணும் பெரிய விஷயம் இல்ல. ஆனா அங்கே பல இடத்தில் ஒரு காரும் ஒரு ஆடும் எதிரெதிரே வந்தா யாராவது ஒருத்தர் பின்னாடி போகணும். 2025 பிப்ரவரியிலிருந்து கிராமப்புற உள்ளூர்ச் சாலைகளின் பொது வேக வரம்பையும் 80-லிருந்து 60-ஆகக் குறைச்சுட்டாங்க. அப்படி ஓட்டினா நாள் முழுக்க ஸ்டியரிங்தான் பிடிச்சுக்கிட்டிருப்போம், ராத்திரி பப்ல தூங்கிடுவோம்.

அதனால் ரூட்டை வெட்டினோம். டப்ளின்ல இறங்கி நேரா மேற்கே சுமார் 260 கிலோமீட்டர், வெஸ்ட்போர்ட். அங்கிருந்து டூலாக் பள்ளத்தாக்கு வழியா கானமாரா. அப்புறம் கிளேர் கவுன்ட்டி, கடைசியா டிங்கிள் தீபகற்பம். டொனகாலும் கார்க்கும் அடுத்த தடவை.

நம்ம ஆளுங்களுக்குச் சில நடைமுறை விஷயங்கள். அயர்லாந்து ஷெங்கன்ல இல்ல, தனி விசா எடுக்கணும். நம்ம ஊர் மாதிரியே இடது பக்கம்தான் ஓட்டறாங்க, அது பெரிய நிம்மதி. சுற்றுலாப் பயணியா போறவங்க நம்ம லைசென்ஸ்லயே ஓட்டலாம். வாடகைக் கார்க்காரங்க கேட்கலாம்ங்கிறதால் சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் கையில் இருக்கட்டும். கியர் வண்டி ஓட்டத் தெரிஞ்சா செலவு குறையும், ஆட்டோமேட்டிக் வாடகை அங்கே அதிகம். ஓட்டறவர் பேர்லயே கிரெடிட் கார்டு இருக்கணும். அவ்வளவுதான். இப்போ பள்ளத்தாக்குக்கு வருவோம்.

டூலாக்: ஏன் ஒரு மனுஷன் கூட இல்ல?

1841-ல் அயர்லாந்துத் தீவின் மக்கள்தொகை 82 லட்சம். மேற்கே இருந்த ஏழை விவசாயிகளில் பெரும்பாலானவங்களுக்குச் சாப்பாடுன்னா உருளைக்கிழங்குதான். நிலம் அவங்களுடையது இல்ல, நிலப்பிரபுவுடையது. கையளவு நிலத்தில் ஒரு குடும்பத்துக்கு வேண்டியதை விளைவிக்கக்கூடிய ஒரே பயிர் அது. 1845-ல் ஒரு நுண்ணுயிர் நோய் அந்தப் பயிரைத் தாக்கியது. அடுத்தடுத்த வருஷங்களிலும் கிழங்கு மண்ணுக்குள்ளேயே அழுகியது. 1852 வரைக்கும் நீடிச்ச அந்தப் பெரும் பஞ்சத்தில் சுமார் 10 லட்சம் பேர் செத்தாங்க. இன்னொரு 10 லட்சம் பேர் கப்பல் ஏறினாங்க. 1851 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 65 லட்சம்.

இப்போ டூலாக். 1849 மார்ச் மாசக் கடைசி. லூயிஸ்பர்க்ங்கிற சின்ன ஊரில் நிவாரணத்தை நம்பியிருந்த நூற்றுக்கணக்கான ஜனங்க கூடியிருந்தாங்க. நிவாரணம் தொடரணும்னா அதிகாரிகள் அவங்களை நேர்ல பார்த்துச் சரிபார்க்கணும். வந்த அதிகாரிகள் அங்கே பார்க்காமல், தெற்கே மலைக்கு நடுவில் இருக்கும் டெல்ஃபி லாட்ஜ்ங்கிற வேட்டை மாளிகைக்குப் போயிட்டாங்க. மறுநாள் காலையில் அங்கே வந்து நில்லுங்கன்னு ஜனங்களுக்குத் தகவல். கிட்டத்தட்ட 19 கிலோமீட்டர். பல நாள் பட்டினி கிடந்தவங்க, மழையிலும் குளிரிலும் ராத்திரியோட ராத்திரியா நடந்தாங்க. போன இடத்தில் ஒண்ணும் கிடைக்கல. திரும்பி வரும் வழியில் அந்த ஏரிக்கரையிலேயே பலர் விழுந்து செத்தாங்க.

என் நண்பன் அனுப்பின ரீல்ல இருந்தது அந்த ஏரிதான். ஓரமா இருந்ததும் அந்தச் சாலைதான்.

இன்னைக்கு அங்கே கல்லில் செதுக்கின எளிமையான சிலுவை ஒண்ணு நிக்குது. அதில் நம்ம காந்தியின் வார்த்தை பொறிச்சிருக்காங்க. சக மனுஷனை அவமானப்படுத்தி ஒருத்தன் எப்படித் தனக்குப் பெருமைன்னு நினைச்சுக்க முடியும்ங்கிற அவருடைய கேள்வி. மேயோவின் மலைக்கு நடுவில் காந்தி எதுக்குன்னு முதல்ல தோணும். கொஞ்சம் யோசிச்சா, வேற யாரை அங்கே கூப்பிட்டிருப்பாங்கன்னு தோணும். 1847-ல் அமெரிக்காவின் சோக்டா பழங்குடி மக்கள், தாங்களே நிலத்திலிருந்து துரத்தப்பட்டுச் சில வருஷங்கள்தான் ஆகியிருந்த நிலையில், அயர்லாந்துப் பஞ்சத்துக்காக 170 டாலர் திரட்டி அனுப்பினாங்க. இந்தப் பள்ளத்தாக்கில் வருஷாவருஷம் நடக்கும் நினைவு நடைப்பயணத்தில் அவங்களையும் நினைவுகூர்றாங்க.

மேயோ கவுன்ட்டியில் 1841-ல் இருந்தது சுமார் 3.88 லட்சம் பேர். 2022 கணக்கெடுப்பில் 1.4 லட்சத்துக்கும் கொஞ்சம் கம்மி. ரெண்டு அயர்லாந்தையும் சேர்த்தாலும் இன்னைக்கு மக்கள்தொகை 1841 அளவை இன்னும் தொடவே இல்ல. உலகத்தில் வேற எந்த நாட்டிலாவது 180 வருஷத்துக்கு முன்னாடி இருந்ததைவிடக் குறைவா ஜனங்க இருக்காங்களான்னு யோசிச்சுப் பாருங்க.

ஓட்டிட்டுப் போகும்போது ஒண்ணு கவனிக்கணும்னு குறிச்சு வெச்சிருக்கேன். சாயங்கால வெயில் சாய்வா விழும்போது, யாருமே இல்லாத மலைச்சரிவில் வரிவரியா மேடு தெரியும். சீப்பு வெச்சுச் சீவின மாதிரி. உருளைக்கிழங்குப் பாத்திகள். கடைசியா போட்டுட்டுப் போன பாத்தி அப்படியே புல் மூடிக் கிடக்குது.

சாலையே ஒரு ஆவணம்

டூலாக்கிலிருந்து தெற்கே வந்தா கில்லரி கடற்கழி, அப்புறம் கானமாரா. ஏரியும் கடலும் எங்கே பிரியுதுன்னே தெரியாத நிலம். இங்கே ஒரு காலத்தில் வண்டி போற சாலையே இல்ல. 1822-ல் வந்த இன்னொரு பஞ்சத்தின்போது, ஜனங்களுக்கு வேலை கொடுக்கணும்னு அரசாங்கம் அலெக்சாண்டர் நிம்மோங்கிற ஸ்காட்லாந்துப் பொறியாளரை அனுப்பியது. கானமாராவின் பல சாலைகளும் படகுத்துறைகளும் அவர் போட்டவை. ரவுண்ட்ஸ்டோன்ங்கிற அழகான மீன்பிடி ஊரையே அவர்தான் உருவாக்கினார்.

1846–47 குளிர்காலத்தில் இது இன்னும் பெருசா நடந்தது. சும்மா சாப்பாடு போட்டா சோம்பேறி ஆயிடுவாங்கன்னு லண்டனில் இருந்தவங்க நம்பினாங்க. அதனால் கல் உடை, சாலை போடு, கூலி வாங்கு, அந்தக் கூலியில் சாப்பாடு வாங்கு. 1847 மார்ச்சில் இந்தத் திட்டத்தில் 7 லட்சத்துக்கும் மேற்பட்டவங்க வேலை செஞ்சாங்க. கூலியைவிட சாப்பாட்டு விலை வேகமா ஏறியது. பட்டினி உடம்பால் கல் உடைக்க முடியல. கடைசியில் அரசாங்கமே அதைக் கைவிட்டுக் கஞ்சித்தொட்டிக்கு மாறியது. அந்தக் கோடையில் ஒரு கட்டத்தில் தினமும் 30 லட்சம் பேருக்குக் கஞ்சி ஊத்தினாங்க. அதையும் சில மாசத்தில் நிறுத்திட்டாங்க. பாதியில் நின்னு போன சாலைகள் இன்னைக்கும் இருக்கு. மலையில் ஏறி, எந்த ஊருக்கும் போகாமல் முடிஞ்சுடும்.

சென்னைக்காரங்களுக்கு இந்த யோசனை புதுசு இல்ல. 1876-ல் தொடங்கின மதராஸ் பஞ்சத்தின்போது அதே அரசாங்கம் அதே வழியைத்தான் இங்கேயும் எடுத்தது. அடையாறையும் கூவத்தையும் இணைக்கிற பக்கிங்ஹாம் கால்வாய்ப் பகுதி 1877–78-ல் பஞ்ச நிவாரண வேலையா வெட்டினதுதான். பறக்கும் ரயில்ல போகும்போது கீழே தெரியுதே, அதேதான்.

இசை எப்படிப் பிழைச்சது?

சரி, இப்போ என் பக்கத்து ஆசை.

அயர்லாந்து மரபிசையை 'பப்ல கேட்கிற இசை'ன்னுதான் நாம நினைக்கிறோம். நூறு, இருநூறு வருஷமா அந்தப் பப்ல, அதே மூலையில், அப்பாவுக்கு அப்புறம் பையன்னு வாசிச்சிருப்பாங்கன்னு நானும் நினைச்சேன். அது தப்பு.

இந்த இசையோட பழைய வீடு சமையல்கட்டு. பண்ணை வீட்டில் பெரிய அறை அதுதான், அடுப்பும் அங்கேதான். அக்கம்பக்கத்துக்காரங்க வந்து கூடுவாங்க, ஒருத்தர் ஃபிடில் வாசிப்பார், மத்தவங்க ஆடுவாங்க. கோடையில் நாலு ரோடு சேர்ற சந்தியில் ஆடுவாங்க. இது ஆட்டத்துக்கான இசை. ரீல், ஜிக்னு சொல்ற மெட்டுகள் எல்லாம் ஆடறவங்க காலுக்குக் கணக்குப் பண்ணினவை. எழுதி வெச்சு வாசிக்கிற வழக்கம் குறைவு, காதால் கேட்டுக் கத்துக்கிறதுதான். அதனால் வாசிக்கிறவர் செத்தாலோ ஊரை விட்டுப் போனாலோ மெட்டும் போச்சு. பஞ்சத்துக்கு அப்புறம் கிராமம் கிராமமா அதுதான் நடந்தது.

பிழைச்சது எப்படின்னா, போனவங்க கூடவே எடுத்துட்டுப் போனதால்.

முதல் ஆள், ஃப்ரான்சிஸ் ஓ'நீல். எங்க ரூட்டுக்குத் தெற்கே, கார்க் கவுன்ட்டியில் பாண்ட்ரி பக்கத்தில் 1848-ல் பிறந்தவர். பஞ்சத்தின் நடுவில். பதினாறு வயசுல கப்பல் ஏறி, உலகம் சுத்தி, நடுவில் கப்பல் உடைஞ்சு பிழைச்சு, கடைசியில் சிகாகோ போய்ச் சேர்ந்தார். 1873-ல் போலீஸ் வேலை. சேர்ந்த கொஞ்ச நாள்லயே ஒரு திருடன் சுட்ட குண்டு உடம்பிலேயே தங்கிடுச்சு. 1901-ல் சிகாகோ நகரப் போலீஸ் தலைவர்.

இவருக்கு ஃப்ளூட் வாசிக்கத் தெரியும், ஆனா இசைக்குறிப்பு எழுதத் தெரியாது. ஜேம்ஸ் ஓ'நீல்னு இன்னொரு போலீஸ்காரர், சொந்தக்காரர்கூட இல்ல, அவருக்கு எழுதத் தெரியும். அயர்லாந்தின் ஒவ்வொரு மூலையிலிருந்தும் சிகாகோவுக்கு வந்த ஆட்களைப் பிடிச்சு, அவங்க ஊர் மெட்டை வாங்கி, இவர் வாசிக்க அவர் எழுதி, 1903-ல் 1,850 மெட்டுகள் கொண்ட ஒரு தொகுப்பைக் கொண்டுவந்தாங்க. 1907-ல் 1,001 ஆட்ட மெட்டுகள் கொண்ட இன்னொண்ணு. சர்வர் எரியறதுக்கு முன்னாடி வேற ஊரில் எடுத்த பேக்கப்னு வெச்சுக்கலாம். மேயோவிலும் கிளேரிலும் இருந்த ரெண்டு பேர் சந்திச்சிருக்கவே மாட்டாங்க. சிகாகோவில் ஒரே தெருவில் இருந்தாங்க. அதனால்தான் இப்படி ஒரு தொகுப்பு அங்கே சாத்தியமாச்சு.

ரெண்டாவது ஆள், மைக்கேல் கோல்மன். ஸ்லைகோ கவுன்ட்டிக்காரர், 1914-ல் அமெரிக்கா போன ஃபிடில் கலைஞர். நியூயார்க்கில் 1921-லிருந்து இசைத்தட்டுகள் பதிவு பண்ணினார். அந்தத் தட்டுகளைச் சொந்தக்காரங்க அட்லான்டிக்குக்கு இந்தப் பக்கம் அனுப்பினாங்க. ஊரில் கிராமபோன் வெச்சிருந்த ஒரு வீட்டில் எல்லாரும் கூடிக் கேட்டாங்க. அவர் வாசிச்ச வரிசையிலேயே, அவர் போட்ட அலங்காரங்களோடயே ஊர் ஃபிடில்காரங்க வாசிக்க ஆரம்பிச்சாங்க. ஸ்லைகோ பாணி நாடு முழுக்கப் பரவியது. சில ஊர்ப் பாணிகள் அதில் அடிபட்டும் போச்சு. போன பிள்ளை அனுப்பின பார்சல் ஊரோட காதையே மாத்திடுச்சு.

பப்புக்கு எப்போ வந்தது?

இதுக்கு நடுவில் ஊரில் ஒரு சட்டம் வந்தது. 1935, பொது நடன அரங்குச் சட்டம். பொது இடத்தில் ஆட்டம் நடத்தணும்னா கோர்ட்டில் லைசென்ஸ் வாங்கணும். இளசுகள் கெட்டுப்போறாங்கன்னு பாதிரியார்கள் பல வருஷமா பிரசங்கம் பண்ணினதன் விளைவு அது. சட்டத்தின் வாசகம் பொது ஆட்டத்தைப் பத்திதான். ஆனா பல ஊர்களில் பாதிரியாரும் போலீஸும் சேர்ந்து வீட்டு ஆட்டத்தையும் நிறுத்தினாங்க. ஆடணும்னா சர்ச் நடத்தற ஹாலுக்கு வா, டிக்கெட் வாங்கு. அங்கே வாசிச்சது புது ஃபேஷன் பாண்டு. கிளேரின் மூத்த ஃபிடில் கலைஞர் ஜூனியர் கிரெஹான், தன் ஊர் வீட்டு ஆட்டங்களை அழிச்சது இந்தச் சட்டம்தான்னு வயசான காலத்திலும் வருத்தத்தோட சொல்லிக்கிட்டிருந்தார். சமையல்கட்டுகள் அமைதியாச்சு.

அடுத்து, ரெண்டாம் உலகப் போர் முடிஞ்சது. குண்டு விழுந்த லண்டனைத் திரும்பக் கட்ட ஆள் வேணும். அயர்லாந்தின் மேற்கிலிருந்து ஆயிரக்கணக்கில் போனாங்க. 1950-களில் மட்டும் நாட்டை விட்டுப் போனவங்க கணக்கு சுமார் 4 லட்சம். 1961-ல் அயர்லாந்துக் குடியரசின் மக்கள்தொகை 28 லட்சத்துக்கு விழுந்தது, அதோட வரலாற்றிலேயே ரொம்பக் குறைவு.

லண்டன் போன கட்டட வேலைக்காரன்கிட்ட ஃபிடில் இருக்கு, ஆனா சமையல்கட்டு இல்ல. வாடகை ரூம்ல நாலு பேர். வாசிச்சா வீட்டுக்காரம்மா கத்துவாங்க. அவங்களுக்குன்னு இருந்த ஒரே பொது இடம் பப். கேம்டன் டவுன், கென்டிஷ் டவுன் பக்கத்துப் பப்களில் 1940-களின் கடைசியில் இவங்க கூடி வாசிக்க ஆரம்பிச்சாங்க. கிளேர்க்காரன், ஸ்லைகோக்காரன், கால்வேக்காரன் எல்லாம் ஒரே மேசை. ஆட இடம் இல்ல, அதனால் கேட்கறதுக்காகவும் ஒருத்தருக்கொருத்தர் வாசிச்சுக்காட்டறதுக்காகவும் மட்டுமே வாசிச்சாங்க. எல்லாருக்கும் தெரிஞ்ச மெட்டை யாராவது தொடங்குவார், மத்தவங்க சேர்ந்துப்பாங்க. இன்னைக்கு நாம 'செஷன்'னு சொல்றது இப்படித்தான் உருவாச்சு. நம்ம தாத்தா காலத்து விஷயம், கற்காலத்து விஷயம் இல்ல.

அது ஊருக்குத் திரும்பி வந்தது. 1951-ல் மரபிசைக்காக ஒரு சங்கம் தொடங்கி, வருஷாவருஷம் இசைத் திருவிழா நடத்தினாங்க. திருவிழாவுக்கு வந்தவங்க போட்டி முடிஞ்சு பப்ல உட்கார்ந்து வாசிச்சாங்க. 60-களில் சான் ஓ'ரியாடாவும் சீஃப்டன்ஸ் குழுவும் வந்தப்போ படிச்ச நகரத்து இளைஞர்களும் இதைக் கேட்க ஆரம்பிச்சாங்க. பப்காரங்களுக்கும் வியாபாரம். இன்னைக்கு நாம புகுசுகி, பாரான் எல்லாம் பார்த்துட்டு ஆதிகாலத்து வாத்தியம்னு நினைக்கிறோம். புகுசுகி கிரேக்க வாத்தியம், 60-களின் நடுவில்தான் அயர்லாந்து இசைக்குள் வந்தது. பாரான் தோல்மேளம் பழசு, ஆனா குழுவில் உட்கார்ந்து வாசிக்கிற வாத்தியமா அதை நிலைநிறுத்தினது ஓ'ரியாடா. கான்செர்டினாவில் நம்ம இன்ஜினியரிங் ஆளுங்களுக்கு ஒரு விஷயம் இருக்கு. இங்கிலாந்தில் அதை வடிவமைச்சவர் சார்லஸ் வீட்ஸ்டன். ஆமா, லேப்ல நம்மளைப் பாடாப்படுத்தின வீட்ஸ்டன் பிரிட்ஜ்காரர். கிளேரில் வாசிக்கிறது ஜெர்மன் வழியில் வந்த இன்னொரு வகைன்னாலும், அவர் கம்பெனி செஞ்ச பழைய பெட்டிகளுக்கு இன்னைக்கும் அங்கே மதிப்பு.

கிளேர்: எங்கே உட்கார்ந்து கேட்கப்போறோம்

கால்வேயிலிருந்து தெற்கே இறங்கினா பரன். மரமே இல்லாத சுண்ணாம்புப் பாறை நிலம், கடல் வரைக்கும். அதை ஒட்டி டூலின் கிராமம். அங்கே மீஹோ, பாக்கி, கஸ்ஸின்னு ரஸ்ஸல் சகோதரர்கள் மூணு பேர் இருந்தாங்க. மீஹோவின் டின் விசிலைக் கேட்க 60, 70-களில் ஐரோப்பா முழுக்க இருந்து இளைஞர்கள் லிஃப்ட் கேட்டு வந்து சேர்ந்தாங்க. இன்னைக்கும் டூலின் பப்களில் ராத்திரி இசை உண்டு, கூட்டமும் உண்டு. பக்கத்திலேயே 214 மீட்டர் உயரம் வரை எழும்பற க்ளிஃப்ஸ் ஆஃப் மோஹர் செங்குத்துப் பாறைகள். பகல்ல பஸ் பஸ்ஸா கூட்டம் வரும், அதனால் அதிகாலையிலோ சாயங்காலமோ போறதா திட்டம். ஜூன் கடைசியில் அங்கே ராத்திரி பத்து மணி வரைக்கும் வெளிச்சம் இருக்கும்ங்கிறது நமக்குச் சாதகம்.

ஆனா நான் ஷீட்ல ரெண்டு ராத்திரி ஒதுக்கியிருக்கறது இன்னும் தெற்கே, மில்டவுன் மால்பேங்கிற ஊருக்கு. இல்லன் பைப்ஸ்ங்கிற வாத்தியத்தில் மேதை வில்லி க்ளான்சியோட ஊர். வாயால் ஊதாமல், முழங்கைக்கு அடியில் துருத்தி வெச்சுக் காற்றடிச்சு வாசிக்கிற வாத்தியம், நம்ம சுருதிப் பெட்டி மாதிரி கூடவே ஒரு ஆதார ஒலி ஓடிக்கிட்டே இருக்கும். க்ளான்சியும் லண்டனில் தச்சு வேலை பார்த்தவர்தான். அப்பா இறந்தப்போ 1957-ல் ஊர் திரும்பினார், அங்கேயே தங்கிட்டார். 1973-ல் அவர் இறந்த அதே வருஷம் அவர் பேரில் ஒரு கோடைக்காலப் பள்ளி தொடங்கினாங்க. இன்னைக்கும் ஜூலை முதல் சனிக்கிழமை தொடங்கி நடக்குது. காலையில் வகுப்பு, மத்தியானத்திலிருந்து ஊர் முழுக்க இசை. அந்த வாரம் ரூம் கிடைக்கிறது கஷ்டம், மாசக்கணக்குல முன்னாடியே புக் பண்ணணும்.

செஷனில் உட்காரும்போது சில மரியாதைகள் இருக்கு. வாசிக்கிறவங்களுக்குன்னு ஒதுக்கின மேசையில் போய் உட்காரக் கூடாது. தாளம் தட்டறேன்னு மேசையைக் குத்தக் கூடாது. யாராவது துணை வாத்தியம் இல்லாமல் பாட ஆரம்பிச்சா பப்பே அமைதியாகும், நாமளும் ஆகணும். ஃபோனைத் தூக்கறதுக்கு முன்னாடி கேட்கணும். அது அவங்களுக்குக் கச்சேரி இல்ல, அவங்க சமையல்கட்டு. விருந்தாளியா போறோம்னு நினைச்சா எல்லாம் தானா சரியா வரும்.

டன்க்வின்: கடைசி ஸ்டாப்

கிளேரிலிருந்து டிங்கிளுக்குச் சுத்தி ஓட்ட வேண்டியதில்ல. கில்லிமர்ல காரோட படகில் ஏறினா இருபது நிமிஷத்தில் ஷானன் ஆற்று முகத்துவாரம் தாண்டி டார்பர்ட். நூறு கிலோமீட்டருக்கு மேல மிச்சம்.

டிங்கிள் தீபகற்பத்தின் மேற்கு நுனியில் ஸ்லே ஹெட் சாலை. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் கடல். கடிகாரச் சுற்றில் ஓட்டறது நல்லதுன்னு சொல்றாங்க, எதிர்ல பஸ் வந்தா ஒதுங்க இடம் இருக்காது. டன்க்வின்ல நின்னு கடலைப் பார்த்தா எதிரே பெரிய பிளாஸ்கெட் தீவு. நூறு வருஷத்துக்கு முன்னாடி அங்கே 170 பேருக்கு மேல வாழ்ந்தாங்க. ஐரிஷ் மொழி மட்டுமே பேசின ஊர். அங்கிருந்து தாமஸ் ஓ'கிரோகன்ங்கிற மீனவர் தன் வாழ்க்கையை எழுதினார், 1929-ல் வந்த அந்தப் புத்தகம் ஐரிஷ் இலக்கியத்தில் செவ்வியல் நூல்.

இளைஞர்கள் ஒவ்வொருத்தரா அமெரிக்கா போனாங்க, அதிலும் பலர் மாசசூசெட்ஸ்ல ஸ்ப்ரிங்ஃபீல்டுங்கிற ஒரே ஊருக்கு. 1947-ல் புயலில் மாட்டிக்கிட்ட தீவு மக்கள், சாப்பாடு அனுப்புங்கன்னு பிரதமர் டி வலேராவுக்கே தந்தி அடிச்சாங்க. அதே காலகட்டத்தில் டாக்டர் வர வழியில்லாமல் ஒரு இளைஞன் செத்துப்போனான். 1953 நவம்பர் 17-ஆம் தேதி மிச்சம் இருந்தவங்களை அரசாங்கம் கரைக்குக் கொண்டுவந்துடுச்சு. வீடுகள் கூரையில்லாமல் இன்னும் நிக்குது.

அந்தத் தீவுக் கூட்டத்திலிருந்து வந்த ஒரு மெட்டு இருக்கு. தேவதைகளின் மெட்டுன்னு அதுக்குப் பேர். ராத்திரியில் கடல்லேர்ந்து கேட்ட ஒலியைக் கேட்டுப் போட்டதாகக் கதை. திமிங்கிலத்தின் ஒலியா இருந்திருக்கும்னு சிலர் சொல்றாங்க. தீவில் ஆள் இல்ல. மெட்டை இன்னைக்கும் வாசிக்கிறாங்க.

ஷீட்ல ஒரு புது காலம்

இதெல்லாம் படிச்சதுக்கு அப்புறம் நண்பன்கிட்ட ஃபோன்ல பேசினேன். ட்ரிப்பையே சோகமாக்கிட்டியேடான்னு சிரிச்சான். கொஞ்ச நேரம் கழிச்சு, "அப்போ அங்கே போய் ரீல் போடறது தப்பா?"ன்னு கேட்டான்.

தப்புன்னு எனக்குத் தோணல. அந்த இடம் அழகுதான். ஆனா அது இயற்கை காலியா விட்ட இடம் இல்ல, காலியாக்கப்பட்ட இடம். அது தெரிஞ்சுக்கிட்டு அந்த ஏரிக்கரையில் காரை நிறுத்தி இறங்கினா, நாம எடுக்கிற ஃபோட்டோவுக்குக் கீழே வேற வரி எழுதுவோம். அதே மாதிரி பப்ல உட்கார்ந்து 'இது ஒரிஜினலா, டூரிஸ்ட்டுக்கான செட்டப்பா'ன்னு நான் இனிமே தேடப்போறதில்ல. சிகாகோ போலீஸ்காரர் எழுதினது, நியூயார்க்கில் பதிவானது, லண்டன் கட்டட வேலைக்காரங்க மேசைக்குக் கொண்டுவந்தது, கிரேக்க வாத்தியம், வீட்ஸ்டன் பெட்டி, எல்லாம் சேர்ந்துதான் அந்த ஒரிஜினல்.

ஷீட்ல முன்னாடி மூணு காலம் இருந்தது: இடம், தூரம், எத்தனை மணி நேரம். இப்போ நாலாவது ஒண்ணு சேர்த்திருக்கேன்: இங்கேயிருந்து யார் எங்கே போனாங்க. மேயோவுக்கு நேரா இன்னும் எழுதி முடிக்கல, பட்டியல் நீளமா போகுது. டன்க்வினுக்கு நேரா ஸ்ப்ரிங்ஃபீல்டுன்னு எழுதியிருக்கேன். மில்டவுன் மால்பேக்கு நேரா லண்டன். அதுக்குப் பக்கத்தில் மட்டும் 'திரும்பி வந்தார்'னு இருக்கு.

போய்ட்டு வந்து, டூலாக்ல என்ன பார்த்தோம், மில்டவுன்ல என்ன கேட்டோம்னு சொல்றேன். உங்க வீட்டில் ஊர் விட்டுப் போனவங்க எடுத்துட்டுப் போன பாட்டோ மெட்டோ ஏதாவது இருந்தா எனக்கு அனுப்புங்க, அடுத்த எபிசோடில் பேசுவோம். அதுவரைக்கும், இடது பக்கமாவே ஓட்டுங்க.